யாரோ வேண்டாமென்ற நிறம்

முன்னூற்றைம்பது கொருனா என்றான்.
ஒரு கால் ஆடுகிறதே என்றேன்.
ஆடுகிற காலுக்குக் காசில்லை என்று
முன்னூறுக்கு இறங்கினான்.
புர்னோ நகரத்து ஞாயிற்றுச் சந்தை,
மழை பிடித்துக்கொள்ளச் சற்று முன்.

எட்டாம் எண் டிராமில் ஏற்றினேன் மேசையை.
ஓட்டியது ஸ்வதவா, என்னோடு பணிமனையில் இருப்பவள்.
கண்ணாடியில் மேசையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
கதவைக் கூடுதலாக ஒரு நிமிடம் திறந்து வைத்தாள்.
இரண்டு பெட்டிகளோடு நான் வீடு மாறியது
அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள்.
இந்த வீட்டுக்கு முதல் முறை.
கையில் நானூற்று இருபது,
சம்பளத்துக்கு ஒன்பது நாள்.

உப்புத்தாள் மூன்று.
தூரிகை கீழ்வீட்டு ஹோலுப் கொடுத்தது;
இந்நேரத்தில் என்ன சத்தம் என்று திட்ட வந்தவன்,
திட்டி முடித்துவிட்டுத்தான் கொடுத்தான்.

மேலே வெள்ளை.
அதன் கீழே மருத்துவமனைப் பச்சை.
அதற்கும் கீழே மறுபடி ஒரு வெள்ளை.
முன்பு வைத்திருந்தவர் யாரும் சுரண்டவில்லை,
மேலேயே பூசிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
மூன்றாம் நாள் எனக்கும் அந்தப் புத்தி வந்தது.
இழுப்பறைக்குள் வினிகர் போட்டுத் துடைத்தும்
போகாத அயோடின் நெடி.
பக்கவாட்டில் ஒரு தகரத் தகடு: 1174.
திருகாணியின் தலை தேய்ந்திருந்தது, வரவில்லை.
ஓரிடத்தில் வெறியோடு தேய்த்துவிட்டேன்;
மரத்தோல் கிழிந்து
உள்ளிருந்த மட்டப் பலகை பல்லிளித்தது.

பெயிண்ட் கடையில் ஒரு மூலை உண்டு.
ஆசையாகக் கலக்கச் சொல்லி
சுவரில் ஒரு கையகலம் அடித்துப் பார்த்து
திருப்பிக் கொடுத்த டப்பாக்கள்,
பாதி விலை.
என்னுடையதன் மூடியில் பேனாவால்:
யெலீன்கோவா, படுக்கையறை.
மஞ்சளாகக் கிளம்பி
பாதி வழியில் மனம் மாறிய நிறம்.
அதன் பெயர் கடைப் பையனுக்கும் தெரியவில்லை.

யெலீன்கோவா அம்மா,
கடைசியில் என்ன நிறத்தில் தூங்குகிறீர்கள்?
நான் இரண்டாம் பூச்சு அடிக்கையில் இரவு ஒன்றரை.
முழுதும் காய ஏழு நாள் என்றது டப்பா.
என்னிடம் இருந்தது ஒன்றே முக்கால்.

வெள்ளி மாலை
ஆடும் காலுக்கடியில்
பீர்க்கடை அட்டை இரண்டைச் செருகி நிமிர்ந்தபோது
அபொலெனா வாசலில்.
பையைக் கழற்றாமலே மேசையைச் சுற்றி வந்தாள்.
"பல் டாக்டர் வீட்டுச் சுவர் மாதிரி இருக்கு."
நான் உருளைக்கிழங்கைக் கிளறினேன்.
பேனாப் பெட்டியை இழுப்பறையில் போட்டு
நன்றாக அழுத்தி மூடினாள்.

சாப்பிட்டு வந்து இழுத்தால் வரவில்லை.
பெயிண்டைப் பெயிண்ட் பிடித்துக்கொண்டுவிட்டது.
அவள் இழுத்தாள், நான் இழுத்தேன்,
அவள் மேசையைக் கட்டிப் பிடிக்க, நான் இழுத்தேன்.
அட்டைகள் நழுவின.
முதல் முறையாக அவள் சிரித்தாள்.
வெண்ணெய்க் கத்தியை இடுக்கில் விட்டு
மெல்ல ஓட்டினேன்,
பனி விழுந்த தண்டவாளத்தில் போவதுபோல.

டர்ரென்று திறந்தது.
ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து தொங்கியது:
யெலீன்கோவா, வெள்ளை, பச்சை, வெள்ளை,
ஓரத்தில் எல்லாம் தெரிந்தது,
கேக்கை வெட்டினால் தெரிவதுபோல.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"இதை நான் வச்சுக்கறேன்."
நோட்டுக்குள் வைத்து மூடப்போனவளை
ஐயோ, அதுவும் ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்தேன்.
உரிந்த இடத்தில் பூசட்டுமா என்றேன்.
"டப்பால மிச்சம் எவ்வளவு?"
கால்வாசி.
"அப்ப கதவுக்கு அடிக்கலாம். இது இப்படியே இருக்கட்டும்."

இழுப்பறையைத் தனியே காயவைக்க
என் கட்டிலைத் தவிர இடமில்லை.
அவள் சோபாவில், நான் தரையில்.
நெடி போகச் சன்னல் திறந்திருந்தது.
கடைசி டிராம் போயிற்று.
ஸ்வதவா,
அந்தத் திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகலாம் நீ.